எழுதா உரிமை

"நீர் பருகினான்" என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு காணப்படவில்லை. ஆயினும், "நீரைப் பருகினான்" என்றே யாவரும் பொருள் கொள்வர். உருபு மறைந்து நிற்பினும் பொருள் மறைவதில்லை. நாட்டின் அரசியலமைப்பிலும் இவ்வாறு மறைந்து நின்று பொருள் தரும் உரிமைகள் உள. அவையே எழுதா உரிமைகள்.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு, சட்டம் வகுத்த நெறியாலன்றி எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறித்தலாகாது என்கின்றது. தூய நீர் என்னும் சொல் அங்கு இல்லை. ஆனால், நீரின்றி உயிர் ஏது? ஆதலின், மாசற்ற நீரும் காற்றும் பெறுதல் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1991இல் உரைத்தது.

கொங்கு நாட்டார்க்கு இவ்வுண்மையை உணர்த்தியது நொய்யலாறு. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியை அடையும் அவ்வாற்றில் சாயக்கழிவு கலந்தது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் கெட்டன. உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில், சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அவர்க்கும் வயிறு உண்டன்றோ? பிழைப்பும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே கூறியிருந்தது. எழுதா உரிமைகள் இரண்டு எதிர்நின்றால் செய்வது யாது? ஒருவர் பிழைப்பு, மற்றொருவர் நீரை நஞ்சாக்கும் உரிமை ஆகாது. கழிவுநீரைத் தூய்மை செய்து, ஒரு துளியும் ஆற்றில் விடாது தொழில் நடத்துதலே இரண்டையும் காக்கும் வழி. பின்னர்ப் பட்டறைகள் அந்நிபந்தனையின் கீழ்த்தான் திறக்கப்பட்டன. அவ்வழிக்குச் செலவு மிகுதி. எனினும், அச்செலவு செய்யப்படாத காலத்தில் அதன் சுமையை உழவரே தாங்கினர்.

எழுதாதனவும் உரிமை எனின், நீதிபதியின் விருப்பமே சட்டமாகிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், மறைந்த உருபை மனம்போனவாறு விரித்தல் இலக்கணத்திலும் இயலாது. தொடர் வேண்டி நிற்கும் உருபையே விரித்தல் வேண்டும். அவ்வாறே, எது இல்லையெனில் எழுதிய உரிமை வெறுஞ்சொல்லாகுமோ, அதுவே எழுதா உரிமை எனக் கொள்ளத்தக்கது. இவ்வளவுகோலை உணர்ந்து, தம் உரிமையைக் கேட்கும்பொழுதே ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்வாரின் உரிமையையும் நினைத்தல் இளைஞர் கடனாகும்.