காதுகுத்துக்கு தேதி குறிச்சாச்சு... தாத்தா, ஆயாவைக் கேட்டாங்களா?

"ஹால் புக் பண்ணியாச்சு. அடுத்த மாசம் கடைசி ஞாயிறு. எல்லாரும் கண்டிப்பா வந்துடுங்க."

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் இந்த ஒரு வரியில்தான் இப்போது பல வீட்டுத் தாத்தாக்களுக்கு, சொந்தப் பேரனின் காதுகுத்து தேதியே தெரிய வருகிறது. நாள் பார்த்தது மகனின் லீவு காலண்டர். இடம் பார்த்தது மருமகளின் அலுவலகத் தோழி சொன்ன சென்னைப் புறநகர் மினி ஹால். விருத்தாசலத்தில் இருக்கும் தாத்தா ஒரு கட்டைவிரல் எமோஜி போடுகிறார். அதோடு பேச்சு முடிந்தது.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலை அப்படி, ஊர் அப்படி, ஹால் கிடைக்கிற தேதி அப்படி. ஆனாலும் ஒரு தலைமுறைக்கு முன்பு பேரப்பிள்ளையின் ஒவ்வொரு விசேஷத்தையும் நடத்தி வைத்தவர்கள், இன்று அழைப்பிதழ் வாங்கிக்கொண்டு வரும் விருந்தாளிகளாக மாறியிருக்கிறார்கள். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்கி வருபவன் என்று அர்த்தம். பெயரில் முதலிடம் கொடுத்த சமூகம் பந்தியில் எந்த இடம் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை சொல்லும் கதை

இது வெறும் சென்டிமென்ட் விஷயம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அதே ஆண்டு நாட்டின் சராசரி 8.6 சதவீதம். 2031-ல் தமிழ்நாட்டின் விகிதம் 18.2 சதவீதத்தைத் தொடும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு போட்ட கணிப்பு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

இன்னொரு பக்கம், 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.8. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூட இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு பிள்ளை பெற்ற அந்தக் காலத்து ஆயாவுக்குப் பேரப்பிள்ளைகள் பத்துப் பதினைந்து. தொட்டில் போடுவது, மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். ஒன்றுக்குப் போக முடியாவிட்டால் அடுத்ததுக்குப் போய்க்கொள்ளலாம். இன்றைய ஆயாவுக்கு இரண்டு, மூன்று பேரப்பிள்ளைகள் இருந்தால் அதிகம். ஒரு காதுகுத்தைத் தவறவிட்டால் இன்னொரு காதுகுத்து வராமலே போகலாம். ஆயுசு கூடியிருக்கிறது, விசேஷம் குறைந்திருக்கிறது.

கிழவியும் குமரியும் ஒரே கோயிலில்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். ஊர்ப் பெயரிலேயே முதுமை இருக்கிறது. இங்குள்ள பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கு இரண்டு சன்னதிகள்: விருத்தாம்பிகை, பாலாம்பிகை. அதாவது மூத்தவள், இளையவள். இதற்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்து போன குரு நமசிவாயர், வழியில் இங்கே பசியோடு அம்மனைப் பாடிச் சோறு கேட்டார். பாட்டில் அம்மனைக் கிழத்தி என்று விளித்துவிட்டார். அம்மன் கிழவியாகவே வந்து, 'கிழவியால் எப்படியப்பா சோறு கொண்டுவர முடியும்?' என்று கேட்டாளாம். புலவர் சுதாரித்துக்கொண்டு இளையவளாகப் பாட, அவளும் இளம்பெண்ணாக வந்து சோறு போட்டாள்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இளையவள் வந்த பிறகும் மூத்தவளின் சன்னதியை யாரும் மூடிவிடவில்லை.

பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். இந்த வட்டாரத்தில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன் என்ற பெயர்களை எங்கே கேட்டாலும் வேர் அங்கேதான் இருக்கும். மொட்டை, காதுகுத்து என்று குடும்பங்கள் வந்து இறங்கும் இடம். குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வரும் 'பிராது கட்டுதல்' இந்தக் கோயிலின் அடையாளம். கடன், நிலத்தகராறு, திருட்டு என்று பிராதுகள் பல வகை. 'பேரன் ஊருக்கே வர்றதில்ல' என்று எழுதுவதற்கும் தடை ஒன்றும் கிடையாது!

குலசாமி கோயிலில் மொட்டை போடணும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பதைப் பல இளம் பெற்றோர்கள் பக்தி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது. விசேஷம் ஊரில் நடந்தால் தாத்தா விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். எந்தச் சமையல்காரரைக் கூப்பிடுவது, யாருக்குப் பத்திரிகை வைப்பது, யாரை முன்னால் உட்கார வைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சென்னை ஹாலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையே அவர் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'வந்துடுங்க' என்றால் எப்படி வருவது?

விருத்தாசலம் ரயில்வே ஜங்ஷன். விழுப்புரம்-திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. எழும்பூருக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். வசதியான ஊர்தான். ஆனால் 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில், மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டது. அதற்கு முன் 60 வயது ஆன ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது ஆன பெண்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி இருந்தது. கொரோனா போனது, ரயில் வந்தது, சலுகை திரும்ப வரவில்லை. எல்லாப் பயணிகளுக்குமே டிக்கெட்டில் மானியம் தருகிறோம் என்பது ரயில்வேயின் பதில். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். அதில் வாழும் ஒரு ஆயாவிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். வருஷத்துக்கு நான்கு முறை பேத்தியைப் பார்க்க வருபவர் இரண்டு முறை வருவார். இந்தச் சலுகையைத் திருப்பித் தருவதில் அரசுக்கு என்ன தயக்கம் என்பது புரியவில்லை.

பெரியவர்கள் வர முடியாவிட்டால் சின்னவர்கள் போகலாம். அதற்கு லீவு வேண்டும். அசாம் மாநில அரசு 2024 நவம்பர் 6, 8 தேதிகளில் தன் ஊழியர்களுக்குச் சிறப்பு விடுப்பு அறிவித்தது. பெற்றோரோடோ மாமனார் மாமியாரோடோ நேரம் செலவிட மட்டும்தான் அந்த விடுப்பு, சொந்த ஜாலிக்கு இல்லை என்று நிபந்தனையும் போட்டது. ஸ்வீடனில் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 ஜூலை முதல் பெற்றோர் தங்கள் சம்பளத்துடனான குழந்தை வளர்ப்பு விடுப்பில் 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கே மாற்றிக் கொடுக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. நம் ஐடி நிறுவனங்களில் 'ஃபேமிலி டே' என்று ஒருநாள் கேக் வெட்டுவதோடு சரி.

வீடியோ காலைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே காட்டாதீர்கள் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம்கூட, வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே போனை நீட்டி 'தாத்தாவுக்கு ஹாய் சொல்லு' என்பதில் யாருக்கும் சுகமில்லை. சாப்பிடும் நேரத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தாத்தா கதை சொல்ல, குழந்தை இட்லி தின்றால் அது வேறு.

'ஆயா' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

இந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னை அபார்ட்மென்ட்டுகளில் அதே சொல்லுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வருபவர் என்று பொருள். பல வீடுகளில் இந்த இரண்டு அர்த்தமும் ஒரே ஆளில் வந்து சேர்ந்துவிடுகிறது, சம்பளம் இல்லாமல். பிரசவத்துக்குப் போனவர் மூன்று வருஷம் ஆகியும் ஊர் திரும்ப முடியாமல், தாத்தா விருத்தாசலத்தில் தனியாக ரசம் வைத்துக்கொண்டிருப்பார். பேத்தியோடு தினமும் இருப்பது சந்தோஷம்தானே என்பார்கள். சந்தோஷம்தான். முட்டி வலியும் கூடவே இருக்கிறது. விசேஷத்தன்று அடுப்பங்கரையில் நிற்கும் ஆயாவைக் கடைசி போட்டோவுக்கு மட்டும் 'சீக்கிரம் வாங்க' என்று இழுத்து நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும்?

சீர் விஷயத்தையும் மறைக்க வேண்டாம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது அழகான வழக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தங்கமும் தட்டு வரிசையும், பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டின் தாத்தாவை வட்டிக் கடைக்கு அனுப்புகின்றன. பேரனின் விசேஷம் நெருங்க நெருங்க ஒரு தாத்தாவுக்குத் தூக்கம் போகிறது என்றால், அந்தத் தட்டுகளில் நான்கைக் குறைக்கச் சொல்லும் வாய் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கணும். அவராகக் கேட்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன்படி 'பிள்ளைகள்' என்ற சொல்லில் வயது வந்த பேரன், பேத்தியும் அடக்கம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாத்தா பாட்டி, பேரனிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். வருவாய்க் கோட்ட அளவில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் சோறு, துணி, இருப்பிடம், மருத்துவம் வரைதான் பேசுகிறது. பேரனைப் பார்க்கணும் என்ற ஆசைக்கு அதில் பிரிவு கிடையாது. மகனும் மருமகளும் பிரிந்துவிட்ட வீடுகளில் இதன் வலி தெரியும். கோர்ட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கிழமை பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டிக்குத் தனியாகக் கிழமை கேட்க நேரடியான சட்ட உரிமை இல்லை. குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் அனுமதித்தால் உண்டு. பிரான்ஸ் நாட்டு சிவில் சட்டத்தில் இதைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள்: தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை. நம் சட்டத்திலும் இப்படி ஒரு வரி வரலாம்.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த அகமதாபாத் சிறுவன் யாரிடம் வளர்வது? வயதும் வருமானமும் பார்த்து, கீழே உயர் நீதிமன்றம் அவனைச் சித்தி-பெரியம்மா வழி உறவிடம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

பட்டறையைக் காட்டுங்கள்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் நகரம் என்றும் பெயர். பீங்கான் தொழில் படிக்க அரசு நிறுவனமே இங்கு உண்டு. மின்சார ஃப்யூஸ் கட்டைகள், பொம்மைகள், கார்த்திகைக்கு அகல் விளக்குகள் என்று சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை நடக்கும். அங்கே உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்தான் இன்று எமோஜி போட்டுக்கொண்டிருக்கும் தாத்தாக்களில் பலர். களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் தோல் மாதிரி மண் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காயவைத்து எடுத்தால் உள்ளே கூடான பொம்மை. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வரும்போது கொஞ்சம் சுருங்கிச் சின்னதாகியிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது மாயாஜாலம். சொல்லித்தர யூடியூபை விடத் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார். விசேஷத்துக்கு வருபவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதில், தாத்தா போய்த் தேர்ந்தெடுத்து வந்த நான்கு அகல் விளக்குகளைக் கொடுத்தால் அந்த ரிட்டர்ன் கிஃப்டில் அவர் கையும் இருக்கும்.

ஹால் பார்க்கப் போகிறவர்கள் ஏசியும் பார்க்கிங்கும் கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கூடம் மாடியிலா, கீழேயா? உட்கார்ந்து எழ முடிகிற கழிப்பறை உண்டா? சுகர் மாத்திரை போட்டவர்களுக்கு முதல் பந்திக்கு முன்பே இலை போட முடியுமா?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. தாத்தாவும் ஆயாவும் ராத்திரி வண்டியில் வருவதாக இருந்தால், அவர்கள் இருவருக்கு மட்டும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் போடுங்கள். கீழ்ப்படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். கூட்டத்தோடு கூட்டமாக ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதற்கு முன்னால் ஒரு போன். குரூப் மெசேஜ் இல்லை, போன். "அப்பா, எந்தத் தேதி உங்களுக்கு சரிப்படும்?"