கடை நமது, கடிவாளம் யார் கையில்?

பூக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை நடத்தும் நம்மவருக்குச் சட்டப் பாதுகாப்பு எங்கே? பழைய கடைவீடுகளைக் காத்த 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மலேசிய அரசு 1997-இல் நீக்கியது. 2000 முதல் அந்தக் கடைகளுக்கும் உரிமையாளர் வைத்ததே வாடகை!

தவணை முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க அவருக்கு 1956 சிவில் சட்டம் உண்டு. நமக்கு?

சிங்கப்பூர் 2023-இல் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கென்றே சட்டம் இயற்றி, 2024 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்!

அதுவரை வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வாடகை உயர்வு, முன்பணம், வெளியேறும் கெடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது.