முகவரி இல்லாத மருந்துக் கடை

மணமாகி ஓராண்டு கடந்தால் போதும், கேள்வி பிறந்துவிடுகிறது. "விசேஷம் ஏதாவது உண்டா?" கேட்பவர் அத்தையாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், ஆலை வாயிலில் தேநீர் அருந்தும் நண்பராகவும் இருக்கலாம். கேட்டவர் மறந்துபோவார். கேட்கப்பட்டவள் மறப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தக் கேள்வி ஏளனமாகிறது. மூன்றாம் ஆண்டில் ஏச்சாகிறது. நான்காம் ஆண்டில் 'மலடி' என்ற ஒரு சொல்லாக முற்றி, வளைகாப்பு வீட்டிலே அவளை வாயிற்படியோடு நிறுத்திவிடுகிறது. ஆணுக்கு அப்படி ஒரு பட்டம் சூட்ட இந்தச் சமுதாயத்துக்கு நாக்கு எழவில்லை!

அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சித்தான் அரசமரம் சுற்றினார்கள், மண்சோறு தின்றார்கள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி கட்டிச் சிரித்தோம். இன்று மரத்தைச் சுற்றுவோர் குறைந்தனர். கைப்பேசியைத் தடவுவோர் பெருகினர். "கருத்தரிக்க மாத்திரை" என்று தட்டினால் கடை விரிகிறது. மருத்துவர் கேட்கும் கேள்வி இல்லை, சீட்டு இல்லை, சோதனை இல்லை. பணம் கட்டினால் பொட்டலம் வீட்டு வாயிலுக்கு வருகிறது. பிரித்து விழுங்கிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மரத்தைச் சுற்றியவளுக்கு கால்தான் வலித்தது, தோழர்களே! மாத்திரையை விழுங்கியவளுக்கு என்ன நேருகிறது என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

கோவைப் பக்கத்து நூற்பாலைத் தோழர் ஒருவர், சில திங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். சங்க வேலையில் சளைக்காதவர். கூட்டமென்றால் கொடி கட்ட முதலில் நிற்பவர். அன்று பேசவே தயங்கினார். பிறகு மெல்ல, "ஏனுங்கண்ணா, கண்ணுக்கு முன்னால பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்குதுன்னு வீட்ல சொல்றாங்க, அது எதனாலங்க?" என்றார். துருவிக் கேட்டபோது கதை வந்தது. மணமாகி நான்காண்டு. உடன் வேலை செய்பவரின் மனைவிக்கு ஏதோ ஒரு மாத்திரையால் குழந்தை தங்கியதாம். அந்த அட்டையைப் படம் பிடித்து, அதே மாத்திரையை இணையத்தில் தேடி வாங்கினாராம். முதல் மாதம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று. பலனில்லை. இரண்டாம் மாதம் நாளுக்கு இரண்டு. அப்போதும் இல்லை. மூன்றாம் மாதம் நாளுக்கு மூன்று! அந்த அம்மையார் பனியன் ஆலையில் தையல் எந்திரத்தில் வேலை செய்பவர். ஊசி முனையைப் பார்த்தால் மங்குகிறது, நிமிர்ந்தால் மின்னுகிறது. அவர் கொண்டுவந்த அட்டையைப் பார்த்தோம். பாதியில் வெட்டப்பட்டது. தொகுதி எண் இல்லை, காலாவதி நாள் இல்லை, விற்ற கடையின் ரசீதும் இல்லை. குளோமிஃபீன் என்ற பெயர் மட்டும் இருந்தது.

குளோமிஃபீன் புதிய மாயமல்ல. 1956-இல் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றில் உருவாக்கப்பட்டது. 1961-இல் அதைக்கொண்டு பெண்களுக்குக் கருமுட்டை வெளிப்பட்டதாக முதல் அறிக்கை வந்தது. 1967-இல் அந்நாட்டு அரசு விற்பனைக்கு ஒப்புதல் தந்தது. அன்று முதல் இன்று வரை, கருமுட்டை ஒழுங்காக வெளிப்படாத பெண்கள் பல்லாயிரவர் அதனால் தாயாகியிருக்கிறார்கள். நல்ல மருந்து, மறுப்பதற்கில்லை. ஆனால் அது செய்யும் வேலை என்ன? உடலிலே ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளையை எண்ணவைக்கிறது. மூளை பதறிப்போய், சூலகத்தைத் தூண்டும் சுரப்பைக் கூடுதலாக அனுப்புகிறது. சூலகம் முட்டையை வளர்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த ஒரு வேலையில் குறை இருந்தால் அது மருந்து. குறை வேறிடத்தில் இருந்தால்? கருக்குழாய் அடைபட்டிருந்தால் எத்தனை முட்டை வெளிவந்தும் என்ன பயன்? நம் நாட்டில் காசநோய் நுரையீரலை மட்டும் அரிப்பதில்லை. பெண்ணின் கருக்குழாயையும் கருப்பையையும் அரிக்கிறது. இருமல் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ஓசையின்றி அரிக்கிறது. அதற்குக் காசநோய் மருந்து வேண்டும். தைராய்டு குறைவென்றால் அதற்கு வேறு மாத்திரை. கூரையிலே ஓட்டை இருக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுவதுபோல, காரணத்தைக் காணாமல் மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்கினால், மாதங்கள் போகும், வயது போகும், காசும் போகும். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்குப் போன மாதங்கள் திரும்பி வருவதில்லை.

வீணாய்ப் போவது மட்டுமென்றால் விட்டுவிடலாம். தீங்கும் இருக்கிறது. கண் மங்கினாலோ, ஒளிப்புள்ளிகள் தோன்றினாலோ மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்பது மருத்துவர் சொல்லும் முதல் எச்சரிக்கை. ஈரல் நோய் உள்ளவளுக்கு இது ஆகாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவளுக்கு ஆகாது. ஏற்கெனவே கருவுற்றிருப்பவளுக்கு ஆகவே ஆகாது. அதை அறிய முதலில் சோதனை வேண்டுமா இல்லையா? இணையக் கடை சோதித்ததா? இயல்பாக நூறு கருவில் ஒன்று என்ற அளவில் வரும் இரட்டை, இந்த மருந்தில் ஏழு எட்டாக உயர்கிறது. இரட்டை என்றதும் இன்பம் என்று எண்ணாதீர்கள். குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த சிசு, தாய்க்கு இரத்த அழுத்தம் என்று அது கூட்டிவரும் தொல்லைகளை அரசு மருத்துவமனைப் பிரசவ அறைச் செவிலியரைக் கேட்டால் சொல்வார்கள்.

மாத்திரையோடு நின்றாலும் பரவாயில்லை. ஊசி மருந்தும் விற்கிறார்கள்! சூலகத்தை நேரடியாகத் தூண்டும் ஊசிகள் அவை. பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரிலே காக்க வேண்டும். சித்திரை வெயிலிலே, மூட்டையோடு மூட்டையாக, இருசக்கர வண்டியிலே வந்துசேரும் குப்பியிலே மருந்து இருக்குமா, வெறும் நீர் இருக்குமா? இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து. இரண்டு நாளுக்கொருமுறை, மூன்று நாளுக்கொருமுறை ஸ்கேன் எடுத்து, எத்தனை முட்டை வளர்கிறது என்று பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்துப் போட வேண்டிய ஊசி அது. பார்க்காமல் போட்டால் சூலகம் வீங்குகிறது, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலே தேங்குகிறது, சிலருக்கு நெஞ்சைச் சூழ்ந்து மூச்சை முட்டுகிறது, சிறுநீர் குறைகிறது, இரத்தம் கட்டியாகி உறைகிறது. கடுமையாக வருவது சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் உயிரிழந்தோரும் உண்டு. பிள்ளை வரம் கேட்டுப் போனவளின் உயிரையே விலை கேட்கும் வாணிபம் இது!

லெட்ரோசோல் என்று மற்றொரு மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்கென வந்தது. கருமுட்டையைத் தூண்டவும் உதவும் என்று மருத்துவர்கள் கண்டார்கள். 2011-இல் இந்திய அரசு அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது. 2017-இல் வல்லுநர் அறிவுரைப்படி தடையை நீக்கியது. வல்லுநர்களே ஆறாண்டு ஆராய்ந்து முடிவெடுத்த மருந்தை, நாம் ஆறு நொடியில் விரலால் தட்டி வாங்குகிறோம்.

இனி அந்தக் கடைக்காரனைப் பார்ப்போம். நம் தெருமுனை மருந்துக் கடையிலே உரிமப் பத்திரம் சுவரில் தொங்குகிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் அவனைக் கட்டுகிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர் அங்கே இருக்க வேண்டும். தவறு நடந்தால் ஆய்வாளர் வருவார். அவர் வராவிட்டால் நாம் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். (அந்தக் கடையிலேயே சீட்டில்லாமல் கொடுப்பதும் நடக்கிறது, நமக்குத் தெரியாததல்ல. அதுவும் குற்றமே.) முகவரியை மறைத்துக்கொண்டு இணையத்தில் விற்பவனின் சட்டை எங்கே இருக்கிறது? அப்படி முகவரி மறைத்த தளங்களிலே வாங்கிய மருந்துகளில் பாதிக்கு மேல் போலியாக இருந்ததாக உலக நலவாழ்வு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. உரிமத்தோடு, சீட்டைச் சரிபார்த்து, ரசீது கொடுத்து இணையத்தில் விற்போரும் இருக்கிறார்கள். அவர்கள்மீது நமக்குப் பகையில்லை. பக்கத்தில் கடையில்லாத சிற்றூர் மக்களுக்கு அது உதவியே. நாம் சொல்வது மற்றவர்களை.

அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய டில்லி என்ன செய்தது? 2018 ஆகஸ்டில் இணைய மருந்து விற்பனைக்கு விதிகள் என்று ஒரு வரைவை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் விற்பனைக்குத் தடை போட்டன. சென்னைத் தடையை 2019 சனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது. 2023 பிப்ரவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி விற்பனையாளர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீசு அனுப்பினார். 2024 வந்தது; வரைவு வரைவாகவே இருந்தது! வரி போட வேண்டுமானால் நள்ளிரவில் நாடாளுமன்றத்தைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, வயிற்றுக்குள் போகும் நஞ்சுக்கு விதி செய்ய ஆறு ஆண்டு போதவில்லையா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்கியவரை மட்டும் வைதால் அது நேர்மையாகாது. அந்த நூற்பாலைத் தோழர் ஏன் கைப்பேசியை நாடினார்? நகரத்துச் சாலையெல்லாம் கொழுகொழு குழந்தையின் படம் போட்டுக் கருத்தரிப்பு மையங்கள் அழைக்கின்றன. உள்ளே போனால் இலட்சத்தில் பேசுகிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகலாம். ஒரு நாள் கூலி போகும், விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். கூலியைக்கூட விடுவார், காரணத்தைச் சொல்ல வெட்கம்! வெட்கத்தையும் வறுமையையும் மோப்பம் பிடித்துத்தான் அந்தக் கடை நடக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தக் குறையைச் சந்திப்பதாக 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஆறில் ஒருவர் என்றால், உங்கள் ஷிப்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இதில் வெட்கம் எதற்கு?

ஆண்களுக்கு இன்னொரு செய்தி. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கு இருக்கிறது. ஊசியும் ஸ்கேனும் பட்டினியும் பெண்ணுக்கு. ஆணுக்கு ஒரே ஒரு விந்தணுச் சோதனை. வலியில்லை, கத்தியில்லை, செலவும் சொற்பம். அதற்குத்தான் மீசை தடுக்கிறது! இதிலே வேடிக்கை என்னவென்றால், ஆண்மை பெருகும், உடற்கட்டு ஏறும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியை அதே இணையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அந்தச் சுரப்பு வந்ததும், உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. புயம் பருக்கிறது, பிள்ளை பிறப்பதில்லை.

படிப்பகத்திலே இந்த ஏட்டைப் புரட்டும் தோழர்கள் இதை வீட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். ஓராண்டு ஆகியும் கரு தங்கவில்லையானால், மனைவிக்கு முப்பத்தைந்து கடந்திருந்தால் ஆறே திங்களில், இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனை மகளிர் பிரிவுக்குப் போங்கள். தனியார் மையத்துக்குப் போவதானால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஏற்கெனவே மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தால் மறைக்காதீர்கள். அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று அஞ்ச வேண்டாம். திட்டினாலும் மருந்தும் தருவார். கண் மங்கினாலோ, வயிறு திடீரென உப்பினாலோ, மூச்சு இரைத்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

அந்தத் தோழரையும் அவர் துணைவியாரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். அந்த அம்மையாரை அங்கே சோதித்தார்கள். சூலகத்தில் குறையில்லை, மாதந்தோறும் முட்டை ஒழுங்காகவே வெளிப்படுகிறது. மூன்று மாதம் விழுங்கிய மாத்திரை, இல்லாத நோய்க்கு! நிறுத்தியதும் கண் தெளிந்தது. அடுத்து மருத்துவர் அம்மா கணவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சோதனை எடுத்தாயிற்றா?" என்று கேட்டார். "எனக்குங்களா?" என்றாராம் தோழர். எடுத்தார்கள். அணுக்கள் மிகக் குறைவு. விதைப்பையில் இரத்தக் குழாய் புடைத்திருந்தது. பீடியை நிறுத்தச் சொல்லி, சிறு அறுவை செய்து அனுப்பினார்கள். புதிய அணு உருவாகி முதிர இரண்டரை திங்கள் ஆகும் என்பதால், மூன்று திங்கள் கழித்து மறுசோதனை.

அந்த நாள் அடுத்த வாரம் வருகிறது. விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். பஞ்சு பறக்கும் அந்தக் கூடத்திலே, எந்திர இரைச்சலுக்கு மேலாக, "எனக்குத்தானுங்க!" என்று உரக்கவே சொன்னாராம்.