கனமில்லாத பூச்சு

வீடு கட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் இப்போது வரைபடத்தை விரித்துப் பார்ப்பதில்லை. இன்ஜினீயர் தம்பி மடிக்கணினியைத் திறந்து, மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், சிவப்புத் தரை என்று வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். பார்த்த மயக்கத்தில் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இது கெட்ட பழக்கம் என்பது என் கட்சி.

அந்த மென்பொருள்களில் சுவருக்குப் பூச்சு காட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயின்ட் கருவியால் சுவரின் முகத்தைத் தொடுவது. ஸ்கெட்ச்அப்பில் அதற்கு வாளிப் படமே போட்டிருக்கும். இன்னொன்று, ரிவிட் போன்றவற்றில் சுவரை அடுக்கடுக்காகச் சொல்வது: செங்கல் இத்தனை மில்லிமீட்டர், அதன்மேல் காரை இத்தனை, அதற்கும் மேல் மெழுகுப்பூச்சு இத்தனை. முதலாவது ஒரு நிமிட வேலை. இரண்டாவதற்குப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வழியில் பூசியதற்குக் கனமே கிடையாது. ரிவிட்டில் பொருள் பட்டியல் எடுத்தால் அதற்குப் பரப்பளவு வரும். கன அளவு பூஜ்யம் என்று நிற்கும். நான் பில் பார்த்த காலத்தில் "12 மி.மீ. கனத்தில் 1:5 சிமென்ட் கலவைப் பூச்சு" என்று கனமும் கலவையும் எழுதாத இனம் மேசையைத் தாண்டாது. நாங்கள் படித்த பிரெஞ்சிலும் காரைப்பூச்சு 'ஆந்துயி', வண்ணம் 'பேன்த்யூர்'. முன்னது கொத்தனார் வேலை, பின்னது பெயின்டர் வேலை. வாளிக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் புதுச்சேரியில் இதன் விலை அதிகம். பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக வெளியே போய்விடும். படத்தில் "பழைய சுண்ணாம்புப் பூச்சு" என்று தெரிவதை, வேலையில் சிமென்டும் பிளாஸ்டிக் எமல்ஷனுமாக முடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், பெயின்ட் உரியும், கடைசியில் செங்கல் பொடியாக உதிரும். படம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருக்கும்.

"படம் வாடிக்கையாளருக்குக் காட்டத்தானே சார், விவரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் 'பிறகு' வருவதற்குள் சாரம் கட்டி, மேஸ்திரி கையில் இருக்கிற மூட்டையைக் குழைக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் படத்திலிருந்து கிடைத்தது மஞ்சள் என்ற ஒரு செய்திதான். அப்புறம் சண்டை வந்தால், எழுத்தில் இல்லாததை எப்படிக் கேட்பது?

ஆகவே, என் வயதுக்காரர்களே, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து "படம் நல்லா இருக்குப்பா, சரின்னு சொல்லிடுங்க" என்று போனில் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் என்ன பொருள், என்ன கலவை, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கோட்டு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கணினியில் சுவரை அடுக்காகச் செய்தவருக்கு அந்தத் தாள் எடுப்பது சிரமமில்லை. வெறும் வாளியைக் கவிழ்த்தவர்தான் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.