பதிவேட்டில் பெயர் இல்லாத 'சிஸ்டர்'கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரமே காலனிகளுக்குள் நோட்டீஸ் வந்துவிடுகிறது. நர்சிங் படித்தால் உடனே வேலை, பத்தாம் வகுப்பில் தவறியவர்களும் சேரலாம், எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்குக் கட்டணமே இல்லை என்று மூன்று வரிகள். கீழே ஒரு செல்போன் எண். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, உளுந்தூர்பேட்டை என்று பேருந்து நிலையத்தை ஒட்டிய எந்த மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாலும் இப்படி ஒரு பலகை கண்ணில் படும். கடைகளுக்கு மேலே இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு பொம்மை, சுவரில் எலும்புக்கூடு படம். அதுதான் பயிற்சி நிலையம்.

ஓராண்டோ ஈராண்டோ கழித்து அந்த மாணவிக்குக் கிடைப்பது பளபளவென்று ஒரு தாள். அதில் 'அரசு பதிவு பெற்றது' என்று இருக்கும். பொய் இல்லை, ஆனால் பதிவானது எது என்றுதான் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அந்த நிறுவனத்தை நடத்தும் அறக்கட்டளை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். தெருவிளக்கு கேட்டு நாலு பேர் சங்கம் வைத்தால் அதையும்தான் பதிவு செய்யலாம். அதனால் அவர்கள் கற்பிக்கும் படிப்புக்கு அங்கீகாரம் வந்துவிடாது.

தமிழ்நாட்டில் செவிலியர் என்ற பெயரோடு வேலை பார்க்க, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இது நேற்று வந்த விதி அல்ல. சென்னை மாகாணத்தில் 1926-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1947-ல் வந்தது. அதன் இடத்தில் வைக்க 2023-ல் புதிய சட்டம் ஒன்றும் நிறைவேறியிருக்கிறது. அந்தப் பதிவேட்டுக்குள் போகும் வழிகள் மூன்றுதான்: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். அதுவும் கவுன்சில் அங்கீகரித்த பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருக்க வேண்டும். 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்', 'பேஷன்ட் கேர் டிப்ளமோ' என்று மாடி அறைகளில் விற்கப்படுபவை எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்தக் கதவைத் திறக்காது.

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்புப்படி, நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போன குடும்பங்களில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண் தேர்ந்தெடுக்கும் வேலைகளில் மருத்துவமனை வேலை முக்கியமானது. வெயில் இல்லை, சீருடை உண்டு, ஊரில் 'நர்சம்மா' என்று மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காகவே நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். அந்த ஆசையில் எந்தத் தவறும் இல்லை. அதற்கு விலை போட்டு விற்பவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளோடு அவள் சேருவது ஏதோ ஒரு நர்சிங் ஹோமில். நோயாளிகள் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுவாள், டிரிப்ஸ் ஏற்றுவாள், கட்டுப் பிரித்துக் கட்டுவாள், பிரஷர் பார்ப்பாள், இரவு முழுக்க ஒரு வார்டையே தனியாகப் பார்த்துக்கொள்வாள். ஆனால் ஆவணத்தில் அவள் செவிலியர் இல்லை. பல இடங்களில் ஆய்வுக்குக் காட்டும் பட்டியலில் வேறொரு பதிவு பெற்ற செவிலியரின் பெயர் இருக்கும். வார்டில் நிற்பது இவளாக இருப்பாள்.

இதில் நமக்கு முக்கியமானது இன்னொன்று. பதிவு பெற்ற செவிலியரின் வேலை எது, எது அவருடைய வேலை அல்ல என்பதற்கு எழுத்தில் வரையறை உண்டு. பதிவில்லாத உதவியாளருக்கு அப்படி எதுவும் இல்லை. வரையறை இல்லாத இடத்தில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது சாதிதான். ஒரே சம்பளத்தில், ஒரே தாளோடு சேர்ந்த நாலு பெண்களில் யார் கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, யார் பிரசவ அறையைக் கழுவி விடுவது, யார் பெட்பேன் எடுப்பது என்பது எப்படி முடிவாகிறது? 'எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியில் முடிவாகிறது. நோயாளியின் கழிவை எடுப்பது இழிவான வேலை என்று நாம் சொல்லவில்லை. மருத்துவப் பணியில் அதுவும் ஒரு பகுதி. அது ஏன் எப்போதும் ஒருத்தியின் பங்காகவே வருகிறது என்று கேட்கிறோம். ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தவளைச் சில மாதங்களிலேயே துடைப்பத்திடம் திருப்பி அனுப்ப முடிகிறதென்றால், அவள் கையில் இருந்த தாளுக்கு அவளைக் காக்கும் வலு இல்லை என்றுதான் பொருள்.

ஊதியத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2016-ல் இட்ட உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்கு ஊதிய அளவைப் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 50 படுக்கைக்குக் குறைவாக இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்தப் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுபோனது வேறு கதை. ஆனால் அதைக் காட்டி நாளை ஒருவர் வழக்குப் போடலாம், சங்கம் வைத்துக் கேட்கலாம். பதிவில்லாத உதவியாளர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. அவர் செவிலியர் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் எல்லாம் நடந்துவிட்டதா என்று கேட்கலாம். நடக்கவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி 2015-ல் வேலைக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். சான்று இருந்தும் போராடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் யார், எத்தனை பேர், எந்தத் தேர்வில் வந்தவர்கள் என்பதற்குக் கணக்கு இருந்தது. அரசு பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. மாடி அறைத் தாளோடு வேலை பார்ப்பவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் கணக்கு இல்லை. தலை எண்ணாதவர்களுக்குக் கோரிக்கை வைக்கும் இடமும் இல்லை.

அதே நேரம், ஊசி மாறிப் போய் நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் அவள் பெயர் உடனே வெளியே வரும். 'தகுதியற்ற ஊழியரின் கவனக்குறைவு' என்று மருத்துவமனையே சொல்லும். தகுதி இல்லை என்று தெரிந்துதானே குறைந்த சம்பளத்துக்கு எடுத்தீர்கள் என்று அங்கே கேட்க ஆள் இருப்பதில்லை.

சிறிய மருத்துவமனை நடத்தும் மருத்துவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். பதிவு பெற்ற செவிலியர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள், கிராமப்புறத்தில் நிற்பது இந்தப் பெண்கள்தான், பத்து வருட அனுபவம் உள்ளவளுக்குத் தாள் எதற்கு என்று. முதல் பாதியை நாம் மறுக்கவில்லை. கைத்திறமை உள்ளவர்கள் ஏராளம். அந்தத் திறமைக்கு ஏற்ற கூலியை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் மட்டும், 'அவளிடம் சர்ட்டிபிகேட் இல்லையே' என்கிறார்கள். வேலை வாங்கும்போது வேண்டாத சான்றிதழ், சம்பள நாளில் மட்டும் வேண்டியதாகிவிடுகிறது.

பதிவேடு என்பதும் எப்போதும் நியாயமான கதவாக இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவர் மறைந்த அதே 1914-ல்தான் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டில் மேலை மருத்துவம் படித்தவர்களுக்கே இடம். தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்தவர்கள் வெளியே நின்றார்கள். அதனால் சான்றிதழ் கட்டாயம் என்ற ஒரே வரிச் சட்டத்தை நாம் கைதட்டி வரவேற்க முடியாது. இருப்பவர்களை உள்ளே எடுக்க வழி வைக்காமல் கதவை மூடினால், முதலில் வெளியே தள்ளப்படுவது நம் பிள்ளைகள்தான்.

இந்தக் கவலை வெறும் கற்பனை இல்லை. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், மயக்கவியல் போன்ற துறை ஊழியர்களுக்காக 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வரையறைப்படி, துணை மருத்துவப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், படித்துப் பட்டயமோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான், மாடி அறைகளுக்கு இது ஆபத்து. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரிகளே ஓராண்டுச் சான்றிதழ் வகுப்புகளை நடத்திவந்திருக்கின்றன. முறையாகப் படித்து வந்த அந்தப் பிள்ளைகளின் ஓராண்டுச் சான்று இந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. அவர்களுக்கு மேற்படிப்பு வழி என்ன என்பதை அரசு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை, முன்மாதிரியே இருக்கிறது. 1948-ல் மருந்தியல் சட்டம் வந்தபோது, படித்தவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிடவில்லை. மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர்களையும் முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வந்தவர்களுக்கே படிப்பு கட்டாயமானது. அன்று கம்பவுண்டருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு இன்று வார்டு உதவியாளருக்கு ஏன் கூடாது? இத்தனை ஆண்டு அனுபவம், ஒரு செய்முறைத் தேர்வு, தேவையானால் அரசு மருத்துவமனையில் சில மாதப் பயிற்சி, அதன் பிறகு உதவியாளர் என்ற தெளிவான பெயரில் ஒரு பதிவு. செவிலியர் என்ற பெயர் வேண்டாம், அது படித்தவர்களுக்கு உரியது. உதவியாளர் என்ற பெயருக்கே ஒரு எண்ணும் ஒரு வேலை வரையறையும் ஒரு ஊதியமும் கொடுங்கள் என்பதுதான் கேட்பது.

திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இதற்கு ஓரளவு அடித்தளம் உண்டு. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற பயிற்சிக்குத் தேசியத் திறன் தரவரிசையில் இடம் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முறையும் அதே திட்டங்களில் இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஜூனில், ஒரு லட்சம் பேருக்கு அவசரப் பயிற்சி கொடுப்பதாகப் பிரதமர் அறிவித்தார். தொற்று பரவும்போது தேவைப்பட்ட கைகள் அவை. தொற்று ஓய்ந்த பிறகு அந்தச் சான்றுகளுக்கு நிரந்தரமான பதவிப் பெயர் ஏதும் வந்து சேரவில்லை. பயிற்சி கொடுப்பது ஒரு துறை, வேலைக்கு எடுப்பது இன்னொரு துறை. இரண்டுக்கும் நடுவில் பெயர் கொடுக்க யாரும் இல்லை.

இப்போது சேரப்போகும் மாணவிகளுக்கு. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேலை கிடைக்குமா என்பது அல்ல. 'படித்து முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கும்?' என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம். நர்சிங் என்றால், அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பெயர் உண்டா என்று பாருங்கள். பி.எஸ்சி.யோ துணை மருத்துவப் பட்டமோ என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா என்று பாருங்கள். அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளிகளிலும் முண்டியம்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் சொற்பம், 18 விழுக்காடு இடம் பட்டியல் சாதியினருக்கு, அதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிட்டு மாடிப்படி ஏறுகிறவர்கள்தான் நிறைய. ஊர் நூலகத்திலோ இ-சேவை மையத்திலோ அந்தத் தேதியை ஒட்டிவைத்தாலே பாதிக் குடும்பம் தப்பிக்கும்.

கட்டணம் இல்லை என்று சொல்வதிலும் சூது உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்மைதான். ஆனால் அது அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே. மாடி அறைப் படிப்புக்கு வராது. முதல் வருடம் 'ஸ்காலர்ஷிப் வந்துவிடும்' என்று சேர்த்துக்கொண்டு, இரண்டாம் வருடம் 'உங்களுக்கு வரவில்லை, பணம் கட்டுங்கள்' என்று மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. அங்கீகாரமே இல்லாத இடத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்காக மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தனியார் மருத்துவமனைகள் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில்தான் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு மருத்துவமனையிலும் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர், பதிவில்லாமல் நோயாளியைத் தொட்டு வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வேலை, என்ன ஊதியம் என்று அந்த அலுவலகம் ஒருமுறை கணக்கெடுக்கட்டும். கணக்கெடுக்கிறோம் என்ற பெயரில் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று ஆட்சியர் முன்கூட்டியே எழுத்தில் உத்தரவிடட்டும். அந்தப் பட்டியல் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம். இந்த வாரமே நாம் கேட்கப்போகிறோம்.