ஊது மணமும் உயர்ந்த ஆளுமையும்

இளஞ்சூடும் காரமும் கலந்த ஊது நறுமணம் கம்பீரமான ஆளுமை கொண்டோருக்கே பொருந்தும் என்கின்றன விளம்பரங்கள். இதை நாம் மறுக்கிறோம்.

நறுமணத்தை அன்று. நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பினார்கள். ஜும்ஆவுக்குக் குளித்து, மணம் பூசி வருவது சுன்னத். நாம் மறுப்பது, ஆளுமையைக் குப்பியில் அடைத்து விற்கும் பேச்சை.

ஊது என்பது நம் முன்னோர் அகில் என்றழைத்த அதே பொருள்தான். நலமான மரத்தில் அம்மணம் இல்லை. மரம் காயமுற்றுப் பூஞ்சை தொற்றியபின், தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே மணக்கிறது. காயத்தில் பிறந்த மணம் செருக்கின் அடையாளமாவது எப்படி?

நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடைகள் இடம் மாறின; மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போர் மாறவில்லை. அவர்களில் ஊது பூசிய நம்மவரும் உண்டு. கடல் தரும் புதிய இறைச்சியை அல்லாஹ் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான் (16:14). ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் தடுக்கிறான் (49:11).

பூண்டு உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்ற நபிமொழி உண்டே எனச் சிலர் கேட்பர். அது தொழுவோருக்குத் தொல்லை நேராதிருக்கவே. உழைப்பவரை இழிவாக எண்ணுவதற்கு அன்று.

சகோதரர்களே, ஊது பூசுங்கள். அம்மணத்தோடு மீன் விற்கும் தாயிடமும் முகமலர்ந்து பேசுங்கள். புன்னகையும் தர்மமே.