தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் அடைவுத் தேர்வு மதிப்பெண்கள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள்.

பெறுநர்
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை.

பொருள்: அடைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் குழந்தைகளின் கற்றல் நிலையை முடிவு செய்வதைத் தவிர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

5ஆம் வகுப்புக்கு அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வை 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது. தேர்ச்சி பெறாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்யும் மத்திய அரசின் 2024 டிசம்பர் விதியையும் ஏற்கவில்லை. இரண்டையும் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். ஆனால், பொதுத்தேர்வு இல்லாமலேயே ஒரு நாள் மதிப்பெண் ஒரு குழந்தையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

எங்கள் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமி, அடைவுத் தேர்வில் 52–17 என்ற கணக்குக்கு 45 என்று எழுதினாள். இதே வகைக் கணக்குகள் எல்லாம் தவறாகிப்போக, ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலையில் சேர்க்கப்பட்டாள். தாயின் பூக்கடையில் 35 ரூபாய்ப் பூவுக்கு ஐம்பது ரூபாய் நோட்டை வாங்கி, மீதியைப் பிசகாமல் எண்ணித் தருபவள் அவள். விடைத்தாளை உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஏழிலிருந்து இரண்டையும் ஐந்திலிருந்து ஒன்றையும் கழித்திருக்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பது ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வகுப்பாசிரியர் அதை இரண்டே நாளில் புரியவைத்தார். ஆனாலும் பருவம் முடியும்வரை அவள் ‘அரும்பு’தான்.

குழந்தையின் அறிவைத் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டால் அறியவே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. தேசிய அடைவு ஆய்வு போன்றவை மாவட்டத்தின், மாநிலத்தின் கற்றல் போக்கை அறிவதற்கானவை. ஒரு குழந்தையை எடைபோடுவதற்கானவை அல்ல.

எனவே, கீழ்க்கண்டவற்றை ஆணையாகப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. கற்றல் நிலையை முடிவு செய்யுமுன் குழந்தையின் நோட்டு, வாய்மொழி விடை, ஆசிரியரின் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
2. மதிப்பெண்ணோடு, எந்த இடத்தில் தடுமாற்றம் என்பதும் பதிவாக வேண்டும்.
3. மாதம் ஒருமுறை நிலையை மறுஆய்வு செய்ய வேண்டும். மாற்றும் பொறுப்பு வகுப்பாசிரியரிடமே இருக்க வேண்டும்.
4. காய்ச்சலிலோ பசியிலோ தேர்வெழுதிய குழந்தைக்கும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கும் மறுவாய்ப்பு தர வேண்டும்.
5. குழந்தையின் நிலையை மற்றவர் முன் அறிவிக்கக் கூடாது. பெற்றோரிடம் தனியே விளக்க வேண்டும்.
6. மதிப்பெண் குறைந்த பள்ளிக்கு விளக்கக் கடிதம் கேட்பதற்கு முன் கூடுதல் ஆசிரியரை அனுப்ப வேண்டும்.

தேர்வே வேண்டாம் என்பதல்ல எங்கள் கோரிக்கை. தவறான விடையையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இணைப்பு: மேற்கண்ட சிறுமியின் விடைத்தாள் நகல் (பெயர் மறைக்கப்பட்டது).